அளந்து பார்க்காமல் கழற்றி மாட்டுவதற்குப் பெயர் பழுதுபார்ப்பதா?

"பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்." கடந்த ஐந்து மாதங்களில் மூன்று பட்டறைகளில் இதே பதிலைக் கேட்டுவிட்டேன். 22 ஆண்டுகளாக ஓடும் என் மோட்டார் சைக்கிளில் செல்ஃப் பொத்தானை அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும். சில நாள் மோட்டார் முனகும். சில நாள் எதுவுமே நடவாததுபோல் ஒரே அழுத்தில் கிளம்பும். வந்து வந்து போகும் பழுதைப் பிடிப்பது கடினம் என்பதை நான் மறுக்கவில்லை. பிடிக்க முயலாமலே பாகங்களை மாற்றியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

முதலில் பேட்டரியை மாற்றினார்கள். புதுப் பேட்டரி முழுச் சார்ஜுடன் வருவதால் பத்து நாள் வண்டி ஒழுங்காக ஓடியது. அந்தப் பத்து நாளே அவர்கள் சொன்னது சரி என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. பதினோராம் நாள் பழைய கதை திரும்பியதும், "ரெகுலேட்டர் செத்துவிட்டது, அதனால்தான் சார்ஜ் ஏறவில்லை" என்று, இன்ஜின் தரும் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்ற அளவில் அனுப்பும் அந்தப் பாகத்தையும் மாற்றினார்கள். பிறகு, பொத்தானை அழுத்தியதும் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் செல்ஃப் ரிலே. அதன் பிறகு இன்னொரு பேட்டரி. இத்தனைக்கும் நடுவே, இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று ஒருவர்கூட மீட்டரை வைத்துப் பார்க்கவில்லை. ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கிப் பிடித்தால் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். பார்க்க அரை நிமிடம் போதும்.

மூன்றாவது பட்டறையில் மட்டும் மல்டிமீட்டரை எடுத்தார்கள். எடுத்து, இணைப்பு அறுபடாமல் இருந்தால் சத்தம் எழுப்பும் பஸ்ஸரில் வைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் எர்த் கேபிளின் இரு முனைகளிலும் தொட்டு, 'பீப்' என்று கேட்டதும் "எர்த் நன்றாக இருக்கிறது" என்று மூடிவிட்டார்கள். என் ஆத்திரம் முழுக்க இந்த இடத்தில்தான். பஸ்ஸர் சோதனையில் மீட்டர் அனுப்பும் மின்சாரம் மிகமிகச் சிறியது. கேபிளில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் அது கூவத்தான் செய்யும். செல்ஃப் மோட்டார் கேட்பதோ பத்துக்கணக்கான ஆம்பியர். ஓர் இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்தாலே 40 ஆம்பியர் ஓடும்போது 4 வோல்ட் அங்கேயே கரைந்துபோகும், மோட்டாருக்கு எஞ்சுவது எதற்கும் போதாது. அந்த 0.1 ஓமைச் சாதாரண மீட்டரின் ஓம் அளவில் நம்பிப் பார்க்கவும் முடியாது, ஏனென்றால் மீட்டரின் வயர்களுக்கே பல நேரம் அதைவிடத் தடை அதிகம். ஆகவே சுமை ஓடும்போதுதான் அளக்க வேண்டும், அதுவும் வோல்ட்டில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்தேன். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றொன்றை இன்ஜினின் வெற்று உலோகத்திலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் பொத்தானை அழுத்தினேன். நல்ல எர்த்தில் அரை வோல்ட்டைக்கூடத் தாண்டக் கூடாத இடத்தில் 4.1 காட்டியது. பேட்டரித் தட்டைக் கழற்றிப் பார்த்தால், எர்த் கேபிளைச் சட்டத்தோடு இணைக்கும் போல்ட் வெளியே பளபளவென்றுதான் இருந்தது. ஸ்பானர் போட்டுத் திருப்பியதும் துருவும் பெயிண்டும் பொடியாக உதிர்ந்தன. கேபிளின் வளையத்துக்கு அடிப்பக்கம் முழுவதும் பச்சைக் களிம்பு. என்றோ ஒருநாள் சட்டத்துக்கு வண்ணம் அடித்தவர் அந்த இடத்தைச் சுரண்டாமலே போல்ட்டை முறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

பேட்டரி சார்ஜ் ஏறாததற்கும் காரணம் அங்கேயே இருந்தது. ரெகுலேட்டரிலிருந்து வரும் மின்சாரமும் அதே போல்ட் வழியாகத்தான் சுற்றை முடிக்க வேண்டும். வழியில் அரை வோல்ட்டுக்கு மேல் இழந்தால், குறைந்த தூரமே ஓடும் என்னுடையதைப் போன்ற வண்டியில் பேட்டரி எந்நாளும் அரைவயிற்றோடுதான் கிடக்கும். உப்புத்தாளால் சட்டத்தை வெள்ளை உலோகம் தெரியத் தேய்த்து, வளையத்தையும் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். அரை மணி நேர வேலை. மறுபடி அளந்தபோது 0.2 வோல்ட், செல்ஃப் முதல் தொடுதலிலேயே சுழன்றது.

பழைய வண்டிகளில் கெட்டுப்போவது பெரும்பாலும் இணைப்புகள்தான், எர்த்தும் கனெக்டரும் ஹாண்டிலுக்குக் கீழே மடங்கி மடங்கி நைந்த வயரும்தான் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாத ரகசியமா? தெரிந்தும் ஏன் முதலில் அங்கே கை போகவில்லை?

கழற்றித் தந்த பாகங்களை நான் எறியவில்லை. முதல் பேட்டரியைத் தனி சார்ஜரில் போட்டு ஓர் இரவு ஓய்வில் விட்டுப் பார்த்தேன்: 12.7 வோல்ட், அப்படியே நிற்கிறது. "செத்துவிட்ட" ரெகுலேட்டரையும் மீண்டும் பொருத்தி இன்ஜினை ஓட்டினேன், 14.2 வோல்ட் தருகிறது. அது செத்துவிட்டது என்று எந்த அளவைப் பார்த்துச் சொன்னார்கள்?