மிசஸ் ஆல்பர்ட் புரூம்

லண்டனில் நூறு வருஷத்துக்கு முன்னால் விற்ற சில அஞ்சலட்டைகளில் படம் எடுத்தவர் பெயர் 'மிசஸ் ஆல்பர்ட் புரூம்' என்று இருக்கும். ஆல்பர்ட் அவருடைய கணவர். கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர் கிறிஸ்டினா.

பிரிட்டனின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று இப்போது அவரைக் கொண்டாடுகிறார்கள். சரிதான். ஆனால் அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அவர் ஒரு வியாபாரி என்பது. கிரிக்கெட் பந்து பட்டுக் கணவரின் கால் கெட்டுப்போனது, குடும்பத்தின் இரும்புச் சாமான் கடை நொடித்தது, அடுத்து வைத்த காகிதக் கடையும் கைகொடுக்காத நிலையில், 1903இல், நாற்பது வயதில், ஒரு பெட்டிக் கேமராவை இரவல் வாங்கித் தானே தொழில் கற்றுக்கொண்டார். வீட்டு நிலக்கரி அறைதான் படம் கழுவும் இருட்டறை. 1904 முதல் 1930 வரை பக்கிங்ஹாம் அரண்மனையின் குதிரை லாய வாசலில் கடை போட்டுத் தன் அஞ்சலட்டைகளைத் தானே விற்றார்.

பிழைப்புக்காக எடுத்த படம் என்றால் ஒரு படி கீழே வைத்துப் பேசும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. எது விற்கும் என்று தேடிப் போனதால்தான் அவர் 1908இல் ஹைட் பார்க்கில் வாக்குரிமை கேட்டுத் திரண்ட பெண்கள் நடுவில் நின்றார், அடுத்த வருஷம் அதே பெண்கள் நைட்ஸ்பிரிட்ஜில் நடத்திய கண்காட்சியில் கடைகளுக்குப் பின்னால் நின்றவர்களை எடுத்தார், அப்புறம் முதல் உலகப்போருக்குப் புறப்படும் சிப்பாய்களை எடுத்தார். அந்த முகங்களைக் கொஞ்ச நேரம் பாருங்கள், பாதிப் பேர் பையன்கள். அவர்களில் எத்தனை பேர் திரும்பினார்களோ. ஊருக்கு அனுப்ப ஒரு படம் வேண்டும் என்று வந்து நின்றவனுக்கு அந்த அட்டை எவ்வளவு பெரிய விஷயம்!

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். மகள் வினிஃப்ரெட். அம்மாவுக்கு உதவப் படிப்பை விட்டுவிட்டு வந்து, அந்த இருட்டறையில் நின்று அட்டை அட்டையாகப் பிரதி போட்ட பெண். படங்களுக்குத் தலைப்பு எழுதித் தந்துகொண்டிருந்த ஆல்பர்ட் 1912இல் இறந்த பிறகு தாயும் மகளுமாகத்தான் தொழிலை ஓட்டினார்கள். 1939இல் கிறிஸ்டினாவும் போனபின், அந்தக் கண்ணாடி நெகட்டிவ்கள் குப்பைக்குப் போகாமல் அருங்காட்சியகங்களுக்குப் போய்ச் சேரப் பாடுபட்டவர் வினிஃப்ரெட்தான்.

இன்று அந்தப் படங்களைப் பகிர்பவர்கள் 'கிறிஸ்டினா புரூம்' என்று சரியாகப் பெயர் போடுகிறார்கள். பக்கத்திலேயே வினிஃப்ரெட் பெயரையும் போடுங்கள்.