கருத்துக் கேட்கிற வியாபாரிக்கும் விதி உண்டு

"விற்காமல் கருத்து மட்டும் கேட்டால் வியாபாரிக்கு எந்த விதியும் கிடையாது, நம்பர் வாங்கி வைத்துக்கொண்டாலும் தப்பில்லை" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். பாம்பன், மண்டபம் பக்கம் பொழுதுபோக்காகத் தூண்டில் போடும் நம் ஆட்கள் இதை நம்பிவிட வேண்டாம்.

கேட்பதில் தவறே இல்லை. பாரை மீனுக்கு எந்த லூர் (செயற்கை இரை) எடுபடுகிறது, உப்புக் காற்றில் தூண்டில் நரம்பு சுற்றும் ரீலின் பேரிங் எவ்வளவு நாள் தாங்குகிறது என்று ரீல் விற்பவரே கேட்டால் நமக்கும் லாபம்தான். ஆனால் சக தூண்டில்காரர் போல வேஷம் போடாமல், எந்தக் கடை என்று சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். ஆய்வு என்ற பெயரில் விற்பனை கூடாது என்பது சர்வதேச வர்த்தக சபையும் (ஐசிசி) எசோமார் என்ற உலகச் சந்தை ஆய்வாளர் அமைப்பும் சந்தை ஆய்வுக்கு வகுத்த நெறிமுறை. அது சட்டமில்லை, தொழில் ஒழுக்கம்தான். நம்மூர்க் கடைக்காரர் அதைக் கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டார், சரி.

நம்பர் விஷயம் அப்படியில்லை. 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, எதற்கு என்று சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். கொடுத்தவர் அதை எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். அந்தச் சட்டத்துக்கான விதிகள் வந்தது 2025 நவம்பரில். இந்தக் கடமைகளை அதிலிருந்து 18 மாதம் கழித்து அமலாகும்படி வைத்திருக்கிறார்கள். கருத்துக்கென்று வாங்கிய நம்பருக்கு ஆடித் தள்ளுபடி விளம்பரம் அனுப்ப நினைத்தால், அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும்.