ஏழு நிரல் போட்டு உயிரினப் பட்டியல் செய்யாதீங்க

மட்டக்களப்பு வாவியின் மீன், இறால், கண்டல் மரங்களுக்கு ஒரு செயலி செய்ய நினைக்கும் தம்பி தங்கச்சிமாருக்குத்தான் இது. வேலை அனேகமாகப் பிழைப்பது முதல் அட்டவணையில்தான். இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என்று ஏழு நிரல். சோதனைக்குப் பாடமாக்க அது சரி. தரவுக்குச் சரிவராது.

நம்ம வெள்ளை இறாலையே பாருங்க, பெனேயஸ் இண்டிகஸ். பெனேயஸ் சாதிக்குள் பென்னெரோபெனேயஸ் என்ற துணைச்சாதியில் அது இருந்தது. 1997இல் அந்தத் துணைச்சாதியைத் தனிச் சாதியாக உயர்த்தினார்கள். பிறகு பலர் திரும்பவும் பெனேயஸுக்கே கொண்டுவந்தார்கள். துணைச்சாதிக்கு உங்கள் ஏழு நிரலில் இடம் எங்கே? எட்டாவது நிரல் சேர்த்தால், நாளைக்குத் துணைக்குடும்பம் வந்து நிற்கும், அடுத்து மேற்குடும்பம்.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நிரை, நாலு நிரல் போதும்: இலக்கம், பெயர், படிநிலை (சாதியா, குடும்பமா என்பது), தாய் இலக்கம் (நேரே மேலே உள்ள கூட்டத்தின் இலக்கம்). அப்போது 1997 மாற்றம் ஒரே நிரையில் முடியும். பென்னெரோபெனேயஸின் படிநிலையைத் துணைச்சாதியிலிருந்து சாதியாக்கி, தாயைப் பெனேயஸிலிருந்து பெனெயிடே குடும்பத்துக்கு மாற்றினால் சரி. இறாலின் நிரையைத் தொடவே வேண்டாம். ஆனால் அந்த நிரையில் 'இண்டிகஸ்' மட்டும்தான் இருக்க வேண்டும். முழுப்பெயரை, மேலே ஏறி முதலில் வரும் சாதியோடு சேர்த்துச் செய்நிரலே கட்டட்டும்.

படிநிலையை எண்ணாகச் சேமிப்பதில்தான் பெரிய ஆபத்து. ஜாவாவில் எனம் (enum, பெயர்களின் நிலையான பட்டியல்) எழுதி, அதன் ஓர்டினலை, அதாவது பட்டியலில் 0இலிருந்து எண்ணும் வரிசை எண்ணை, தரவுத்தளத்தில் போட்டால் இராச்சியம் 0, சாதி 5, இனம் 6. இடையில் துணைச்சாதியைச் செருகிய அன்றே 6 அதற்குப் போய்விடும். பழைய இனங்கள் எல்லாம் துணைச்சாதியாக வாசிக்கப்படும், பிழைச்செய்தி ஒன்றும் வராது. ஆகவே படிநிலையின் பெயரையே சேமியுங்கள். ஒழுங்குக்கு வேறொரு சிறு அட்டவணையில் 10, 20, 30 என்று இடைவெளி விட்டு எண் கொடுங்கள். சாதி 60, இனம் 70 என்றால் துணைச்சாதிக்கு 65 காத்திருக்கும். திரையில் காட்டும் தமிழ்ச் சொல்லும் அங்கேயே இருக்கட்டும். நமக்குச் சாதி என்பது தமிழ்நாட்டுப் புத்தகத்தில் பேரினம்.

பிள்ளையின் எண் தாயின் எண்ணைவிடப் பெரிதா என்று மட்டும் சோதியுங்கள், அடுத்த படியா என்று கேட்காதீர்கள். யூடிகொட்ஸ் போன்ற தாவரக் கூட்டங்களுக்குப் படிநிலையே கிடையாது. அங்கே வெறுமையாக விட்டு, மேலே படிநிலை உள்ள மூதாதையோடு ஒப்பிடுங்கள்.

பெயரை முதன்மைச் சாவி, அதாவது ஒவ்வொரு நிரையையும் தனித்து அடையாளம் காட்டும் நிரல், ஆக்கவே வேண்டாம். பிக்கஸ் என்பது ஆலும் அரசும் சேர்ந்த சாதி. கடல் நத்தைச் சாதி ஒன்றுக்கும் அதே பெயர்தான். விலங்குக்கும் தாவரத்துக்கும் பெயரிடும் சட்டக்கோவை வேறு வேறு என்பதால் இரண்டும் செல்லும்.