ஞாயிற்றுக்கிழமை நான் ஏன் எழுந்து போனேன்

மூன்று நாளாக எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று "சவுண்டு அண்ணன் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு" என்று, சவுண்டு வேலை செய்கிற என்னை டேக் செய்து போட்ட பதிவையும், அதற்குக் கீழே வரிசையாக வந்த சிரிப்பு எமோஜிகளையும் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஆமாம், கோபித்துக்கொண்டுதான் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை பாட்டுக் கேட்கக் கூடிய கூட்டத்தில் இருந்தவர்களுக்கு நடந்தது தெரியும். அமெரிக்கப் பாடகர் டொனால்ட் ஃபேகனின் 'தி நைட்ஃப்ளை' ஆல்பத்தில் முதல் பாட்டை ஒன்றரை நிமிடம் ஓடவிட்டார்கள். நிறுத்தினார்கள். "லோ எவ்வளவு டைட்டா நிக்குது பாத்தீங்களா" என்று ஸ்பீக்கரைக் காட்டினார்கள். "மத்தபடி இது பழைய நினைப்புடா பேராண்டி கேஸ்" என்றதும் கூடமே சிரித்தது. அப்போதுதான் எழுந்தேன்.

அந்த ஆல்பத்தில் பழைய நினைப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த மனுஷன் ஏங்குவது வந்து போன காலத்துக்காக இல்லை. வருவதாகச் சொல்லிவிட்டு வராமலே போன காலத்துக்காக. இந்த வித்தியாசம் புரியாமல் அதைக் கேட்டுவிட்டேன் என்று சொல்லாதீர்கள்.

முதல் பாட்டின் பெயர் 'ஐ.ஜி.ஒய்'. சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டு. 1957 ஜூலையில் தொடங்கி 1958 டிசம்பர் வரை, பனிப்போர் உச்சத்தில் இருந்த நேரத்தில், அமெரிக்காவும் சோவியத்தும் இந்தியாவும் சேர்த்து 67 நாடுகள் கூடி நடத்திய அறிவியல் ஆய்வு அது. அந்த ஆண்டுக்குள்தான் 1957 அக்டோபர் 4-ம் தேதி சோவியத்தின் ஸ்புட்னிக், உலகின் முதல் செயற்கைக்கோள், மேலே போனது. ஃபேகனுக்கு அப்போது ஒன்பது வயது. நியூ ஜெர்சியில் பசேய்க் ஊரில் பிறந்தவர், பிறகு கெண்டால் பார்க் என்ற புறநகருக்குக் குடிபெயர்ந்தார்கள். ஒரே அச்சில் வார்த்த வீடுகள். பையனுக்கு அந்த இடம் அறவே பிடிக்கவில்லை. ராத்திரி ரேடியோவில் நியூயார்க்கிலிருந்து வரும் ஜாஸ்தான் துணை.

அந்தப் பையனின் காதில் விழுந்த வாக்குறுதிகள்தான் பாட்டு முழுக்க. நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குக் கடலுக்கடியில் ரயில், ஒன்றரை மணி நேரம். சூரிய ஒளியில் ஓடும் நகரம். முடிவெடுக்க ஒரு நல்ல இயந்திரம். '76 வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறது பாட்டு. அமெரிக்கா சுதந்திரம் அடைந்து 200 ஆண்டு நிறையும் வருஷம். இதை அவர் பாடியது 1982-ல் என்பதை யோசியுங்கள். '76 வந்து, போய், ஆறு வருஷம் ஆகிவிட்டது. அதற்கு முன்பே 1974-ல் ஜனாதிபதி நிக்சன் வாட்டர்கேட் ஊழலில் பதவி விலகிவிட்டார். 1975-ல் வியட்நாம் போரில் சைகோன் விழுந்துவிட்டது. பாடுகிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். தெரிந்தும் அந்தக் குரலில் ஒரு துளி கேலி இல்லை. அந்தப் பையன் அன்றைக்கு எப்படி நம்பினானோ அப்படியே பாடுகிறார். எனக்குத் தொண்டை அடைப்பது அந்த இடத்தில்தான். பழசுக்கு ஏங்குகிறவன் பழசில் நடந்ததைப் பாடுவான், இவர் நடக்காததைப் பாடுகிறார்.

"அண்ணே, அது நக்கல்ணே, ஸ்டீலி டான் ஆளுங்க எல்லாத்தையும் நக்கல்தானே அடிப்பாங்க" என்று ஒருவர் உள்பெட்டியில் வந்தார். ஃபேகன் முன்பு இருந்த குழுவான ஸ்டீலி டானில் நக்கல் உண்டு. வால்ட்டர் பெக்கரும் ஃபேகனும் சேர்ந்து 1972-லிருந்து 1980 வரை போட்ட ஏழு ஆல்பத்திலும் கத்தி இருக்கிறது. 1981-ல் பிரிந்தார்கள். பெக்கர் பக்கத்தில் இல்லாமல் ஃபேகன் தனியாகச் செய்த முதல் வேலை இது. கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் செய்த வேலை. ஆல்பத்தில் ஒரு சின்னக் குறிப்பே போட்டிருக்கிறார்: ஐம்பதுகளின் கடைசியில் புறநகரில் வளர்ந்த ஓர் இளைஞனுக்கு, ஏறக்குறைய என் உயரமும் எடையும் உள்ள ஒருவனுக்கு, இருந்திருக்கக்கூடிய கற்பனைகள் இவை என்று. கற்பனைகள் என்கிறார். நினைவுகள் என்று சொல்லவில்லை. அவரே சொன்ன பிறகும் பேராண்டி கேஸ் என்றால் நான் என்ன செய்ய?

இன்னொன்று. தலைப்புப் பாட்டில் லெஸ்டர் என்ற ராத்திரி அறிவிப்பாளர் வருகிறார். பேட்டன் ரூஜ் ஊருக்கு வணக்கம் சொல்லிப் பேசுகிறார், அவருடைய ரேடியோ நிலையம் ஒரு மலையடிவாரத்தில். பேட்டன் ரூஜ் மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கிற ஊர், அங்கே அப்படி ஒரு மலையே கிடையாது. நியூ ஜெர்சியில் போர்வைக்குள் படுத்திருக்கிற பையன் போட்ட மலை அது. அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள், ஃபோனில் பார்க்காதீர்கள். முன்பக்கம் கழுத்தில் டையோடு ஃபேகன், முன்னால் பெரிய மைக், சிகரெட், மேசையில் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சானி ராலின்ஸின் ரெக்கார்டு, சுவர்க் கடிகாரத்தில் நாலு மணி தாண்டியிருக்கிறது. திருப்பினால் இருட்டில் வரிசையாக வீடுகள். ஒரே ஒரு ஜன்னலில் மட்டும் வெளிச்சம். பேசுகிறவன் முன்பக்கம், கேட்கிறவன் பின்பக்கம். இரண்டு பேரும் தூங்கவில்லை.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு ஜன்னல் இருந்தது. விளாத்திகுளம் பக்கம் கிராமம். எண்பதுகளின் தொடக்கம். என்னைவிட ஆறு வயது மூத்த அண்ணன், பழைய ரேடியோக்களைப் பிரித்து ஒன்றாகச் சேர்த்து ஒரு பெட்டி செய்து வைத்திருந்தான். ராத்திரி இலங்கை வானொலி அதில் கணீரென்று கேட்கும். கொழும்பு எப்படி இருக்கும் என்று நானும் ஒரு மலை, ஒரு கட்டடம், ஒரு விளக்கு போட்டு வைத்திருந்தேன். அண்ணன் 'சோவியத் நாடு' இதழை எங்கிருந்தோ வாங்கி வருவான். மற்ற பையன்கள் அந்த வழவழத் தாளை நோட்டுக்கு அட்டை போடக் கிழிப்பார்கள். இவன் கிழிக்க விடமாட்டான். ராக்கெட் படங்களை மட்டும் தனியாக வெட்டி, டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கம் சோற்றுப் பசை வைத்து ஒட்டியிருந்தான். "2000-ல நீ நிலாவுக்கு டிக்கெட் எடுத்துப் போவடா" என்பான். நான் நம்பினேன். அவனும் நம்பினான். அவன் பாலிடெக்னிக் முடித்து, வேலை கிடைக்காமல், சவுதி போய், திரும்பி வந்து இப்போது ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான்.

இந்த ஆல்பம் எனக்கு 1996-ல் கேசட்டாக வந்தது. தொழில் கற்றுக் கொடுத்த ஆசான் தந்தார். சவுண்டு வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், உலகம் முழுக்க 'ஐ.ஜி.ஒய்' ஒரு செக் பாட்டு. மண்டபத்தில் பாக்ஸ் அடுக்கி, வயர் இழுத்து முடித்ததும் முதலில் போடுவது அதைத்தான். அந்தனி ஜாக்சனின் பேஸ் கிட்டார் எங்கே குமுறுகிறது, ஹார்ன் எங்கே காதைக் குத்துகிறது, டிரம்ஸின் ஹை-ஹேட் தாளம் கடைசி வரிசை நாற்காலி வரை போகிறதா என்று நடந்து நடந்து கேட்போம். முழுக்க டிஜிட்டலில், 3எம் கம்பெனியின் 32 டிராக் மெஷினில் பதிவானது. 1982-ல் அது பெரிய விஷயம். கேரி காட்ஸ் தயாரிப்பு, ரோஜர் நிக்கல்ஸ் இன்ஜினியர். நானே இருபது வருஷத்துக்கு மேல் அதைச் செக் பாட்டாக மட்டும்தான் வைத்திருந்தேன். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் கேட்டதில்லை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை அந்த ஒன்றரை நிமிடம் என்னை அவ்வளவு சுட்டது. 2020-ல் கச்சேரி எல்லாம் நின்று, பாக்ஸ் எல்லாம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தபோது, ஒரு ராத்திரி வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு எட்டுப் பாட்டையும் கேட்டேன். விடியும் வரை மறுபடி மறுபடி கேட்டேன்.

"ரொம்பப் பாலிஷா இருக்கு, உயிரே இல்ல" என்று ஒரு குற்றச்சாட்டு. 'மேக்சீன்' பாட்டில் அவர் தன் குரலையே அடுக்கடுக்காக வைத்து, ஐம்பதுகளின் குரல் குழுக்கள் பாணியில் ஹார்மனி கட்டியிருப்பதைக் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள். தனியாக வளர்ந்த பையன் தனக்குத் தானே ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொள்கிற சத்தம் அது. உயிர் இல்லையாம்.

"இதெல்லாம் மேல்தட்டு ரசனை" என்பவருக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. ஜெனரேட்டர் டீசல் நாற்றத்தில் நின்று கேட்ட பாட்டு இது.

ஒரு கேள்விதான் என்னை உண்மையிலேயே நிறுத்துகிறது. "ஸ்புட்னிக் போவதற்கு ஒன்பது நாள் முன்னால்தான் அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பினப் பிள்ளைகளைப் பள்ளிக்குள் கூட்டிப்போக ராணுவம் வரவேண்டியிருந்தது. அந்தக் காலத்தின் கனவு யாருடைய கனவு?" என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். நியாயம். அந்தக் கனவில் எல்லாருக்கும் இடம் இருக்கவில்லை. ஃபேகனுக்கும் அது தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அடுத்து 'நியூ ஃப்ரன்டியர்' பாட்டில் ஒரு விடலைப் பையன் அப்பா தோண்டிய அணுகுண்டுப் பதுங்குகுழியில் பார்ட்டி வைக்கிறான். அதே விஞ்ஞானம், ஒரு பாட்டில் ரயில் விடுகிறது, இன்னொரு பாட்டில் ஆளைப் பூமிக்கடியில் ஒளிய வைக்கிறது. கனவில் இருந்த ஓட்டையை அவர் மூடவில்லை. அந்தப் பையன் ராத்திரி முழுக்கக் கும்பிட்டுக் கேட்டதும் ராலின்ஸ் போன்ற கறுப்பினக் கலைஞர்களைத்தான். இது முழுப் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன் தங்கச்சி.

1983-ல் ஆண்டின் சிறந்த ஆல்பம் கிராமிக்கு இது பரிந்துரையானது, டோட்டோ குழு வாங்கிப் போனது. டோட்டோவின் டிரம்மர் ஜெஃப் பொர்க்காரோ இந்த ஆல்பத்திலும் வாசித்திருக்கிறார். அதை விடுங்கள். அடுத்த தனி ஆல்பத்துக்கு ஃபேகனுக்குப் பதினோரு வருஷம் ஆனது, 1993-ல்தான் வந்தது. மனதை இவ்வளவு திறந்து வைத்தவனுக்கு மூடிக்கொள்ள அவ்வளவு நாள் ஆகியிருக்கும் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். அதை ஒன்றரை நிமிடத்தில் நிறுத்திச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு டிரங்குப் பெட்டி மூடிதான் தெரிந்தது. நீங்கள் சிரித்தது என் அண்ணனைப் பார்த்து. உங்களுக்குத் தெரியாது, தெரிந்து செய்யவில்லை. ஆனால் எனக்கு அப்படித்தான் இருந்தது.

நேற்று ராத்திரி அவனுக்கு ஃபோன் செய்தேன். கடையைச் சாத்திக்கொண்டிருந்தான். பாட்டை ஃபோனிலேயே போட்டு, வரி வரியாக அர்த்தம் சொன்னேன். ரயில் வந்ததும் "இரு இரு" என்றான்.

"நியூயார்க்குக்கும் பாரிஸுக்கும் எத்தன கிலோமீட்டர்டா?"

"5,800 இருக்கும்ணே."

கால்குலேட்டர் தட்டுகிற சத்தம் கேட்டது.

"மணிக்கு 3,800-க்கு மேல வருது. குழாய்க்குள்ள விட்டு, காத்தை உறிஞ்சி எடுத்துட்டா போலாம்டா."