ஒரே மாத்திரையில் கருப்பை கெட்டுப்போகுமா?

கோலாலம்பூர் செந்தூல் பக்கத்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது: “அவசரக் கருத்தடை மாத்திரையை வயசுப் பிள்ளைங்க ஒரு தடவை போட்டாலே கருப்பை கெட்டுடும், அப்புறம் பிள்ளையே தங்காது. பார்மசியில் கேட்டா கொடுக்காதீங்க.”

இது தவறு. அந்த மாத்திரையில் இருப்பது 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற செயற்கை ஹார்மோன். கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுவதுதான் அதன் வேலை. பின்னாளில் கருத்தரிப்பதை அது பாதிக்காது என்று உலகச் சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஏற்கெனவே தங்கிய கருவைக் கலைக்கவும் கலைக்காது. அடுத்த மாதவிடாய் சில நாள் முன்னே பின்னே வரலாம். வதந்திக்கு விதை அதுதானோ என்னவோ. ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால் கர்ப்பப் பரிசோதனை செய்துவிட வேண்டும்.

இங்கே முக்கியம் நேரம். பாதுகாப்பில்லாத உடலுறவு நடந்த 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

நான் பார்மசி கவுண்டரில் நிற்பவள். போன மாதம் ஒரு பெண் பற்பசை அலமாரி முன்னால் கால் மணி நேரம் நின்றாள். தெரிந்த ஆன்ட்டி ஒருவர் பணம் கட்டிப் போன பிறகுதான் கவுண்டருக்கு வந்தாள், கையில் வேண்டாத ஒரு பற்பசையோடு. “ஓரமாப் போய்ப் பேசலாமா தங்கச்சி?” என்றேன். அப்புறம்தான் வாய் திறந்தாள். “எதுக்கு, கல்யாணம் ஆயிடுச்சா?” என்று சத்தமாகக் கேட்கும் கடையில் அந்த 72 மணி நேரம் அலமாரி முன்னாலேயே கரைந்துவிடும்.

வற்புறுத்தல் நடந்ததாகத் தோன்றினால் மாத்திரையோடு விட்டுவிடக் கூடாது, மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். சரி, இன்னொன்று: பால்வினை நோயை இந்த மாத்திரை தடுக்காது, அதற்கு ஆணுறைதான்.