கேஸை உடைக்கச் சொல்லாதீர்கள்

சனிக்கிழமை நடந்ததை நான் விளக்க வேண்டியதில்லை. ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார்கள் சேகரிக்கிற நம் குழுவில் இருக்கிற எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். இல்லாதவர்களுக்கும் ஸ்கிரீன்ஷாட் போய்ச் சேர்ந்திருக்கும், நம் ஆட்கள் அதில் கெட்டிக்காரர்கள். பொம்மைப் பிரிவில் நிற்கும் ஒரு பெண்ணைக் கேட்காமல் படம் பிடித்து, "இந்த மேடம் கேஸ் வச்சுக்கிட்டே ஓப்பன் பண்ண மாட்டேங்கிறாங்க, எல்லாரும் ஹெட் ஆபீஸுக்கு மெயில் போடுங்க" என்று ஒரு பதிவு. கேஸ் என்றால், கார்கள் கடைக்கு வந்து சேரும் சீல் பெட்டி. கீழே வரிசையாகக் கோப முகங்கள்.

அந்தப் பெண் செய்த குற்றம் என்ன? பில்லிங்கில் கூட்டம் நெரியும் நேரத்தில், இன்னும் ஸ்டாக் என்ட்ரி போடாத சீல் பெட்டியைக் கொண்டுவந்து நம் கண் முன்னால் உடைக்கவில்லை. அவ்வளவுதான். உடைத்து, ஒரு கார் குறைந்தால் யாரைக் கேட்பார்கள்? உங்களையா?

நானும் ஹாட் வீல்ஸ் பைத்தியம்தான். வீட்டில் இரண்டு அலமாரி நிறைய இருக்கிறது. 41 வயது. கழுதை வயசு என்று என் மாமியார் நேரடியாகச் சொல்லவில்லை, வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோலச் சொல்வார். ஆகவே வேட்டையின் வெறி எனக்குப் புரியாது என்று யாரும் வர வேண்டாம். அட்டையைச் சாய்த்து, காருக்குப் பின்னால் தங்க நிறத்தில், 'சூப்பர் ட்ரெஷர் ஹன்ட்' என்கிற அரிய காருக்கான அந்தத் தீப்பொறி வட்டம் தெரிகிறதா என்று பார்க்கிற அந்த ஒரு நொடி இருக்கிறதே, பளபளக்கும் பெயின்ட், ரப்பர் டயர், உடம்பில் எங்கோ பொடியாக 'டிஎச்' என்ற எழுத்து... தெரியும். எனக்கும் கை நடுங்கியிருக்கிறது. ஆனால் வழக்கமாக ஒரு கேஸில் 72 கார். அதில் சூப்பர் இருந்தே ஆக வேண்டும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. 1995இல் 12 கார்களோடு இந்த அரிய கார் வரிசையைத் தொடங்கியபோதே அதற்கு ட்ரெஷர் ஹன்ட், அதாவது புதையல் வேட்டை என்றுதான் பெயர் வைத்தார்கள். புதையலை நாம்தான் தேட வேண்டும், கடை ஊழியர் தோண்டித் தரக்கூடாது.

யோக்கியன் வேஷம் போடவில்லை. மூன்று வருடம் முன்பு நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கடையில், மீசை சரியாக முளைக்காத ஒரு தம்பியை "கீழே புதுசு வந்திருக்கா, பாத்துட்டு வா" என்று மூன்று முறை கோடவுனுக்கு அனுப்பினேன். மூன்றாவது முறை வர நேரமானதால் நானே படியிறங்கிப் போனேன். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே குத்தவைத்து உட்கார்ந்து, டிபன் பாக்ஸ் மூடியில் தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வாயில் இருந்ததை விழுங்காமலே எழுந்து, "சார், இருங்க, பாக்குறேன்" என்றான். மணி நாலு. மதியச் சாப்பாடு அது. நான் அன்றைக்கு ஒரு டட்சன் வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அது இன்னும் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. பிரிக்க மனசு வரவில்லை.

கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார நாற்காலி தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. கேரளாவில் அதற்கு முன்பே, 2018இல். நாற்காலிக்கே சட்டம் தேவைப்பட்ட வேலை அது. அங்கே போய் நின்று "நான் கஸ்டமர்" என்று நெஞ்சை நிமிர்த்துகிறோம். எத்தனை ரூபாய்க்கு? நூற்றுச் சொச்சம் ரூபாய்க்கு.

"கடைக்காரங்களே ஒளிச்சு வச்சு ஸ்கால்ப்பருக்குக் கொடுக்கிறாங்களே, அதைக் கேட்க மாட்டீங்களா?" என்பீர்கள். கேட்கிறேன். நடக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. முழு கேஸும் பின்வாசல் வழியாக, மொத்தமாய் வாங்கி அதிக விலைக்கு விற்கும் அந்த ஆட்களிடம் போய், மறுநாள் மூன்று மடங்கு விலையில் நம் குழுவிலேயே விற்பனைக்கு வருகிறது. ஆனால் அந்த டீலைப் பேசியது கொக்கியில் கார் மாட்டுகிற பெண்ணா? அப்புறம், வாங்கியது யார்? அந்த ஸ்கால்ப்பர் பதிவுக்குக் கீழே "அண்ணா, டிஎம் பண்ணுங்க" என்று போட்டவர்களில் பாதிப் பேர்தான் சனிக்கிழமை கோப முகமும் போட்டவர்கள். நான் எண்ணிப் பார்த்தேன். ஆமாம், வேலைவெட்டி இல்லாமல்தான் எண்ணினேன்.

"அவங்க பேசின விதம் சரியில்லை" என்று ஒருவர். இருக்கலாம். ஒரே நாளில் ஐந்தாவது ஆள் வந்து அதே கேள்வியைக் கேட்டால் நீங்கள் எப்படிப் பேசுவீர்கள் என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

எனக்கு உண்மையில் எது வலிக்கிறது தெரியுமா? நாம் ஏன் அவர்களிடம் இவ்வளவு விறைப்பாக நிற்கிறோம் என்பதுதான். வெட்கம். பில் போடும்போது "பையனுக்கு" என்று சொல்லாத எத்தனை பேர் இருக்கிறீர்கள்? எனக்குப் பையனே கிடையாது, நான் சொல்லியிருக்கிறேன். ஆபீஸில் சிரிக்கிறார்கள், கல்யாண வீட்டில் சிரிக்கிறார்கள், சொந்தத் தம்பி "இன்னும் வளரலையா" என்கிறான். அங்கெல்லாம் வாயை மூடிக்கொண்டு வருகிறோம். சீருடை போட்டு, பெயர் அட்டை குத்தி, திருப்பிப் பேச முடியாமல் நிற்கிற ஒருவர் கிடைத்தால் மட்டும் நமக்கு மேனேஜரைக் கூப்பிடத் தோன்றுகிறது. இத்தனைக்கும் இதுவரை எந்தக் கடை ஊழியரும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. ஒரு அக்கா மட்டும், "இது நேத்து வந்தது சார், டயர் வேற மாதிரி இருக்கு, உங்களுக்குப் பிடிக்கும்னு எடுத்து வச்சேன்" என்றார். என் வீட்டில்கூட யாரும் டயரைப் பார்த்ததில்லை.

(உடனே எந்தக் கடை என்று கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன்.)

அந்தப் பெண்ணின் படத்தை அழித்துவிடுங்கள். அட்மின்கள் மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறீர்கள். நான் சொன்னது பிடிக்காவிட்டால் என்னைக் குழுவிலிருந்து நீக்குங்கள், பரவாயில்லை. நீக்குவதற்கு முன்னால் ஒன்று: மஞ்சள் டட்சன் 510 யாரிடமாவது இரண்டு இருந்தால், எம்ஆர்பிக்குத் தருவதாக இருந்தால் மட்டும், இன்பாக்ஸில் வாருங்கள்.