ஆசிரியர் சம்பளம் எங்கிருந்து வருகிறது?

குமரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு மத்திய அரசுதான் சம்பளம் தருகிறது என்று மேலே ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். அது சரியில்லை, அண்ணே. நிரந்தர ஆசிரியர் சம்பளம் மாநில பட்ஜெட்டிலிருந்து கருவூலம் வழியாக வருகிறது. நம்ம மாவட்டத்தில் நிறைய இருக்கிற அரசு உதவிபெறும் தனியார் பள்ளிகளுக்கும் அப்படித்தான். (நாகர்கோவில் கேந்திரிய வித்யாலயா வேறு, அது மத்திய அரசுப் பள்ளி.)

வகுப்பறைச் சுவரில் பெயிண்டில் எழுதியிருக்கும் ‘சமக்ர சிக்ஷா’வைப் பார்த்து இந்தக் குழப்பம் வந்திருக்கலாம். அது பள்ளிக் கல்விக்காக மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து பணம் போடும், 2018-இல் வந்த தனித் திட்டம். அதிலும் 100 ரூபாயில் 40 தமிழ்நாட்டின் பங்கு.

சந்தேகம் இருந்தால் மாநில பட்ஜெட் இணையதளத்தில் மானியக் கோரிக்கை (ஒரு துறையின் செலவுக் கணக்கு) எண் 43, பள்ளிக்கல்வித் துறையைத் திறந்து ‘சம்பளங்கள்’ என்ற வரியைப் பாருங்கள். தெரிந்த சார் யாரிடமாவது சம்பளச் சீட்டைக் கேட்டுப் பார்த்தாலும் போதும்.